கோவை இலைக்கு அடியில்

வேலியோரக் கோவை இலையைக் கசக்கி முகர்ந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நாலாம் வகுப்பு படித்த, இப்போது இல்லாத அந்த ஓலைக்கூரைப் பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை லீவுக்கு முந்திய கடைசி நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது. அன்று ஆளுக்கொரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதவைத்து, "லீவு முழுக்க யோசிங்க" என்றார் டீச்சர். பிறகு நாங்களே கோவை இலையும் கரியும் அரைத்து, பலகை முழுவதும் பூசிக் கறுப்பாக்கினோம். பக்கத்தில் உட்காரும் பேச்சி மட்டும் கையால் மறைத்து எழுதி, உடனே அதன்மேல் பூசியும்விட்டாள்.

"ஏட்டி, என்ன எழுதுன?"

"பள்ளிக்கூடம் தொறக்கட்டும், சொல்லுதேன்."

திறந்தது; அவள் வரவில்லை. லீவிலேயே, அந்தச் சின்ன வயதிலேயே, அவளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம். அவள் எழுதிய மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கறுப்புக்கு அடியிலும் கறுப்புதான்.

என்ன கேட்டிருப்பாள்? டீச்சர் விட்ட அந்த லீவு எனக்கு இன்னும் முடியவில்லை.