ஸ்டியரிங்கை விட்ட கைகள்

என் பழைய அம்பாசிடருக்குக் கம்பெனி உதிரிபாகம் கிடைக்கவில்லை. வெளியில் செய்த முன்சக்கர ஆர்ம்களை மாட்டித் தந்த மெக்கானிக்குக்குக் கிரீஸில் கறுத்த விரல்கள், நெற்றியில் பளிச்சென்ற விபூதி. சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் முடிந்ததும் தானே ஓட்டிப் பார்ப்பார். ஊரே சாமியாகக் கும்பிடும் மலை தெரிந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுவார். கும்பிட்டு முடிக்கும்வரை வண்டி நேராகப் போனால் வேலை சரி.

அன்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேங்கிக்கால் சாலையில் கும்பிட்டார். வண்டி இடப்பக்கம் இழுத்து, ஒரு பூக்காரம்மாவின் கூடையை நசுக்கியது.

"சாமி கும்பிடற எடமாய்யா இது?" என்று அலறினாள்.

பழைய ஆர்முக்கான அளவையே புதியதற்கும் வைத்திருந்தார். ஷெட்டுக்குத் திரும்பிச் சரிசெய்து, மறுபடி ஓட்டினார். வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. மலை தெரிந்தும் கைகள் அசையவில்லை.

"கும்பிடலீங்களா?" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சார்?"

பூக்காரம்மா எதிரே நிறுத்தி இறங்கினார். அவள் ஏசி முடிக்கும்வரை, கூப்பிய கையை அவர் இறக்கவேயில்லை.