வடக்குப் பக்கம் பூசாத வீடு

இங்கே வீட்டுச் சுவரைத் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். உள்ளே செங்கல் கிடையாது. மரச்சட்டம், பஞ்சு, பலகை, அவ்வளவுதான். அதன்மேல் ஒரு காகிதத்தைச் சுற்றி, அதற்கும் மேலே பிளாஸ்டிக் பட்டைகளை வரிசையாக மாட்டுகிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் மரம் மாதிரி இருக்கும். சைடிங் என்று பெயர். பனிக்கும் மழைக்கும் வீடு போட்டுக்கொள்கிற சட்டை. கனடாவில் எட்மண்டன் என்ற ஊரில் ஒன்பது வருஷமாக எனக்கு அதை மாட்டுகிற வேலை. ஆவடியில் கொத்தனாராக இருந்தேன். துபாய் போனேன். அங்கிருந்து இங்கே ஆள் எடுத்தார்கள், வந்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. ஒரு சுவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களும் என்னைப் போல வெளியே வந்தவர்களும் படித்தால் போதும்.

இங்கே நான் வேலை செய்த முதல் வீட்டில், முன்பக்கம் முழுக்க மாட்டி முடித்ததும் ஏணியை மடித்து வண்டியில் ஏற்றினேன். எங்கள் ஃபோர்மேன் டக் என்கிற வெள்ளைக்காரர். எங்கே கிளம்பிவிட்டாய் என்றார். முடிந்தது என்றேன். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். மற்ற மூன்று பக்கத்தையும் விரலால் காட்டினார். பக்கத்து வீடு ஒட்டி வருமே, அந்தப் பக்கம் எதற்கு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் ஏன் இவன் சுவரில் வந்து ஒட்ட வேண்டும், அவனுக்குச் சொந்தமாகச் சுவர் இல்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். ஏணியை இறக்கினேன்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் டைல்ஸ், கிரில், மூன்று நிறத்தில் பெயின்ட். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் செங்கல் அப்படியே இருக்கும். கலவை பிதுங்கினது பிதுங்கினபடியே காய்ந்திருக்கும். பக்கத்து மனைக்காரர் என்றைக்காவது ஒட்டிக் கட்டுவார், அவர் சுவர் வந்து நம் சுவரை மறைத்துவிடும், அதற்கு எதற்கு வீணாகப் பூச்சு என்று விட்டுவிடுவோம். சிலருக்கு அடுத்த வருஷமே மறைந்துவிடும். சிலருக்கு இருபது வருஷம் ஆனாலும் மறையாது. நான் கொத்தனாராக இருந்த காலத்தில் எத்தனையோ வீட்டை அப்படி விட்டிருக்கிறேன். என் வீட்டையும் விட்டேன்.

அப்பா ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர். நானும் தம்பி சேகரும் குவார்ட்டர்ஸில் பிறந்தோம். எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள். என்ன நிறம் வேண்டும் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அப்பா ரிட்டயர் ஆனதும் காலி பண்ணச் சொன்னார்கள். வந்த பணத்தில் கோவில்பதாகையில் ஒரு கிரவுண்ட் வாங்கி நடுவில் கயிறு கட்டினார். தெற்குப் பாதி எனக்கு, வடக்குப் பாதி சேகருக்கு. கொஞ்ச நாளில் அவரும் போய்விட்டார். துபாயிலிருந்து லீவில் வந்து என் பாதியில் நான் முதலில் கட்டினேன். ஏழுமலை மேஸ்திரிதான் நின்று கட்டினார். அவருக்குக் கீழேதான் நான் தொழில் கற்றது. சேகர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷிப்ட் முடிந்ததும் நேராக வீட்டு வேலை நடக்கிற இடத்துக்கு வந்துவிடுவான்.

"வடக்கால பூசாத மேஸ்திரி. என் ஊடு இத்த ஒட்டிகினுதான் வரும்," என்றான்.

"எப்ப வரும்?"

"தை பொறக்கட்டும்."

"எந்தத் தைன்னு சொல்லு நைனா. மழைல செவுரு ஊறிச்சின்னா உங்கண்ணன் என் சட்டையத்தான் புடிப்பாரு."

"அதுக்குள்ள நான் வந்து மூடிட மாட்டேனா? இன்னா மேஸ்திரி, என்னை நம்ப மாட்டியா?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன். முன்பக்க மூலையில் ஒரு வரி விட்டு ஒரு வரி, செங்கல்லைப் பாதி வெளியே நீட்டி வைத்துக் கட்டினார். பல் மாதிரி வரிசையாக இருக்கும். பல் விடுவது என்றுதான் சொல்வோம். அடுத்த சுவர் வரும்போது அந்தப் பல்லில் கோர்த்துக்கொண்டு வரும். இரண்டு வீடும் ஒரே கட்டாக நிற்கும். கலவை காய்வதற்குள் சேகர் அதில் கால் வைத்து நாலு பல் ஏறிவிட்டான். "எறங்குடா டேய், பச்சக் கலவை!" என்று ஏழுமலை கரண்டியை வீசப் போனார். மேலே நின்று சிரித்தான்.

வசந்தியையும் மகளையும் அந்த வீட்டில் வைத்துவிட்டு நான் கனடா வந்தேன். சேகர் போன் பண்ணுவான். எப்போது கட்டுகிறாய் என்று நான் கேட்பேன். நீ எப்போது வருகிறாய் என்று அவன் கேட்பான். இரண்டு பேருமே தை என்போம். அவன் கட்டிவிட்டால் ஊரோடு போய்விடலாம் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை அவனிடம் சொன்னதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் இல்லை. அப்போது என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் பார்த்தேன். தூக்கும்போது படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது அவனைக் கிடத்தியிருந்த காலி இடத்தைக் காட்டினார்கள். அன்றைக்கு ஒரு வீட்டில் மூன்றாவது பக்கம் பாக்கி இருந்தது. இறங்கிப் போய் மாட்டினேன்.

பேப்பர் வந்த பிறகு ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவன் பெண்டாட்டி அமுதாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நாளைத் தள்ளினேன். மழை அப்படித் தள்ளவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்துதான் சாரல் அடிக்கும். பூசாத செங்கல் தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்பக்கம் விட்டது. மகள் அறையில் பெயின்ட் கொப்பளித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. வசந்தி போனைச் சுவரோடு சேர்த்துக் காட்டுவாள். "பாரு," என்பாள். மகளுக்கு மூச்சு இழுப்பு வந்தது. அப்போதுதான் அந்தச் சுவருக்கு என்ன போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

போட்டோவை டக்கிடம் காட்டினேன். ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி விட்டிருக்கிறது என்றார். அங்கே தம்பி வீடு வரும் என்றேன். எப்போது என்றார். தம்பி இறந்துவிட்டான் என்றேன். தோளில் கை வைத்தார். பிறகு எதற்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், குத்திக் காட்ட இல்லை. சிமெண்டில் பூசிவிட்டால் பல்லை உடைக்க வேண்டும். அதோடு முடிந்தது. தகர ஷீட் என்றால் சட்டம் அடித்து, மூலையில் பல்லை மட்டும் விட்டுவிட்டுத் திருகாணியால் மாட்டிக்கொள்ளலாம். அமுதா கட்டுகிற அன்றைக்குக் கழற்றிக்கொள்ளலாம். பூசியதைக் கழற்ற முடியாது. ஷீட் என்று முடிவு பண்ணினேன். பங்குனியில் லீவு போட்டு ஊருக்குப் போனேன்.

போகும்போது இங்கே மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டையில் ஒரு முழம் வெட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். ஏழுமலைக்குக் காட்டத்தான். அவர் அதை வளைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இன்னா நைனா இது? இத்தயா வெள்ளக்காரன் ஊடு முச்சூடும் ஒட்டிகினு கீறான்?"

"ஆமா மேஸ்திரி."

"நம்ம வெயிலுக்கு அப்பளமா பூடும். இதுக்கா பிளேன் ஏறிப் போன?"

சிரித்தோம். ஷீட் என்றதும் அவர் முகம் மாறியது. "பல்ல உட்டுட்டு மாட்டணுமா? யாருக்கு நைனா அது?" என்றார். அமுதாவுக்கு என்றேன். "அந்தப் பொண்ணயே ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடு," என்றார். எப்படியும் கேட்கத்தான் வேண்டும். வடக்குச் சுவரில் கை வைக்க வேண்டும் என்றால் அவள் இடத்தில்தான் சாரம் கட்ட வேண்டும்.

அமுதா கரையான்சாவடியில் அவள் அம்மாவோடும் மகளோடும் வாடகைக்கு இருக்கிறாள். மெயின் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ வேண்டாம் என்றேன். போட்டுவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வராதவனை அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உடம்பு எப்படி, அங்கே குளிர் எப்படி என்றுதான் கேட்டாள்.

"செவுரு ஊறுது அமுதா. ஷீட் அடிக்கலாம்னு இருக்கேன். உன் எடத்துல சாரம் கட்டணும்."

"இதெல்லாம் கேக்கணுமா மாமா?"

"பல்ல ஒடைக்கல. நீ எப்ப கட்டறியோ அப்ப ஷீட்டக் கழட்டிடலாம். நானே வந்து கட்டித் தரேன்."

டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் கட்டப் போறதில்ல மாமா."

என் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"நாலு வருஷமா எடத்தக் கேட்டு ஆளு வந்துகினேதான் கீறாங்க. அந்தப் பக்கம் போவேன், உங்க செவுத்தப் பாப்பேன். பல்லோட அப்படியே உட்டு வெச்சிருக்கீங்க. மாமா இன்னும் நம்பிகினு கீறாரு, நம்ம எப்படி விக்கிறதுன்னு திரும்பி வந்துடுவேன்."

"நான் உனக்காகத்தாம்மா உட்டு வெச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா கீறோம் ரெண்டு பேரும்," என்றாள்.

தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று தெரிந்தும் கேட்டேன். அவன் ஏன் கட்டவே இல்லை?

"வசதி இல்லாம இல்ல மாமா. ரெண்டு தபா மேஸ்திரிகிட்ட பேசினாரு, செங்கலுக்கு வெல பேசினாரு. ரெண்டு தபாவும் வேணாம்னுட்டாரு. எங்கண்ணன் கொத்தனாரு, அது கை படாம என் ஊட்ட வேற எவனாவது கட்டுவானா, அது வரட்டும்னுவாரு. ஆஸ்பத்திரிலயும் அதான். அண்ணன் வந்துச்சான்னு கேட்டாரு. வந்துகினு கீறாருன்னு சொன்னேன்."

அவன் கட்டட்டும், போகலாம் என்று நான் கனடாவில் இருந்தேன். நான் வரட்டும், கட்டலாம் என்று அவன் ஊரில் இருந்தான். போனில் அத்தனை வருஷம் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை.

இடத்துக்குக் கை நீட்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டதாக அமுதா சொன்னாள். அடுத்த வாரம் பத்திரப் பதிவு. வாங்குகிறவர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. தன் மகள் காலேஜுக்கு ஆகும் என்றாள். என்னிடம் சொல்ல எத்தனையோ தடவை போனை எடுத்து எடுத்து வைத்தாளாம். "அவரு நாலு பக்கமும் எடம் உட்டுத்தான் கட்டுவாராம் மாமா. ஒட்ட மாட்டாரு. நீங்க பூசிடுங்க. பாப்பாவுக்கு இழுப்புன்னு வசந்தி அக்கா சொன்னாங்க. நல்லா சிமெண்ட்டு வெச்சே பூசிடுங்க." என் மகளுக்காகத்தான் சொன்னாள். கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். ஷேர் ஆட்டோ வரும்வரை நின்றாள்.

மறுநாள் சாரம் கட்டினோம். ஏழுமலை சுத்தியலையும் உளியையும் எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். "நான் வெச்சது நைனா. என்னால ஆவாது. நீயே எடு," என்றார். பதினாலு பல். கீழே இருந்தது மழையில் கரைந்து சுலபமாக வந்துவிட்டது. மேலே போகப் போகக் கெட்டி. ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் கேட்டு வசந்தி வெளியே வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள். மத்தியானத்துக்குள் மூலை வழவழவென்று ஆகிவிட்டது. அங்கே இன்னொரு வீடு கோர்க்க இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பிறகு சுவரைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் விட்டு, மூன்று நாள் நானே பூசினேன். ஏழுமலை கீழே நின்று கலவை எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தொழில் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஏழுமலை டீக்குப் போயிருந்தார். ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு மனைக்குள் வந்தார். சின்ன வயசுதான். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. காலால் இடத்தை அளந்து பார்த்துவிட்டு அண்ணாந்து என்னைக் கேட்டார்.

"ஏனுங்க, இந்த வீட்டு ஓனர் இருக்காருங்களா? ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இல்ல சார். அவரு கனடாவுல இருக்காரு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. பொய்யும் இல்லை.

அவர் சுவரைக் கையால் காட்டினார். "ரொம்பச் சுத்தமாப் பூசறீங்க. ஆடி போனதும் இங்க வேலை ஆரம்பிக்கறமுங்க. நீங்களே வந்து கட்டித் தர்றீங்களா?"

நான் நின்ற சாரம் சேகர் இடத்தில் நட்டிருந்தது. கை என் வீட்டுச் சுவரில் இருந்தது. "வேற ஆளப் பாத்துக்குங்க சார். அதுக்குள்ள நான் ஊருக்குப் போயிடுவேன்," என்றேன்.

"எந்த ஊருங்க உங்களுக்கு?"

கலவை இறுக ஆரம்பித்திருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி, பூச்சைச் சமப்படுத்துகிற மணியாசுக் கட்டையை எடுத்துத் தேய்த்தேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.