நடக்க ஓர் இடம்

போன திங்கட்கிழமை விடியற்காலையில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் கேட் திறந்திருந்தது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? மரக்காணம் பக்கத்தில், ஈ.சி.ஆரை ஒட்டி இருக்கிற எங்கள் ஊரில் இது செய்திதான். அந்த கேட் திறப்பதற்குள் ஒரு உயிர் போய்விட்டது.

கலைமணி எனக்கு பிளவுஸ் தைப்பவர். ஐம்பதை நெருங்குகிறார். காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் இருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். சாப்பாடுகூட அந்த ஸ்டூலில்தான். சுகர் வந்தது. வராமல் என்ன செய்யும்?

சென்ற வருடம் எங்கள் ஊருக்கும் அந்த தேசிய இயக்கம் வந்து சேர்ந்தது. நாட்டு மக்கள் எல்லோரும் தினமும் கொஞ்ச நேரம் உடம்பை அசைக்க வேண்டும், நடக்க வேண்டும், ஓட வேண்டும்... நல்ல விஷயம்தான். பள்ளி மைதானத்தில் பந்தல், பேனர், ஆளுக்கொரு வெள்ளைத் தொப்பி. மகளிர் குழுப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தோம். கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். எங்களில் பாதிப் பேர் வீடு போய்ச் சேர்வதற்குள் அதை மறந்துவிட்டோம்.

கலைமணி மறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே மைதானத்துக்குப் போய் நின்றார்.

கேட்டில் பூட்டு.

ஹெட்மாஸ்டரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அவர் கத்தவெல்லாம் இல்லை. "வெளி ஆளுங்க உள்ள வந்து பாட்டில உடைச்சிப் போட்டுட்டுப் போறாங்கம்மா. புள்ளைங்க கால்ல குத்துது. நான் எப்படித் தொறந்து வைக்கிறது?" என்று மட்டும் சொன்னார். அதுவும் நியாயம்தானே?

சரி, வேறு எங்கே நடப்பது? கிழக்கே உப்பளம். இருட்டில் அந்த வழுக்கு வரப்பில் யார் கால் வைப்பார்கள்? ஊருக்குள் தெருவுக்குத் தெரு நாய்கள். மிச்சம் இருப்பது ரோடுதான். சென்னைக்கும் பாண்டிக்கும் நடுவில் கார்கள் பறக்கிற ரோடு. ஓரத்தில் நடைபாதை என்று எதுவும் கிடையாது. வெள்ளைக் கோடு, அதை ஒட்டிக் கொஞ்சம் மண். அவ்வளவுதான்.

"தனியாப் போவாத அண்ணி. நான் கூட வர்றேன்" என்று சொன்னவர் வசந்தி. கலைமணியின் நாத்தனார், பக்கத்து வீடு. உப்பளத்தில் வேலை. பகல் முழுக்க உப்பை வாரி, தலையில் சுமந்து, அம்பாரத்தில் கொட்டிவிட்டு வருகிறவர். கணவர் இறந்து வெகு காலம் ஆகிறது. ஒரே மகள் அனிதா பாண்டியில் காலேஜ் படிக்கிறாள்.

"உனக்கெதுக்குடி வாக்கிங்?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை.

"நான் எங்க வாக்கிங் போறேன்? அண்ணிக்குக் காவல் போறேன்" என்பாராம் வசந்தி. நடந்து முடித்து, கலைமணியை வீட்டில் விட்டுவிட்டு, அப்படியே உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவார்.

கலைமணிக்கு சுகர் இறங்கியது. "இப்படியே விடாம நடங்க" என்றார் டாக்டர். அந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு பிளவுஸைச் சொன்ன தேதிக்கே தைத்துக் கொடுத்தார். டெய்லரிடம் துணி கொடுத்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை...

கலைமணியே என்னிடம் சொன்னதுதான். "பேசிக்கினேதான் வந்தோம். அனிதாவுக்கு சுடிதார் தெச்சிக் குடு அண்ணின்னு கேட்டா. என்ன கலர்ன்னு கேட்டேன். பதில் வரல. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல."

கார் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றது. ஓட்டியவன் சின்னப் பையன். தப்பித்து ஓடவில்லை. ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தவன், ஒரு நொடி கண் அசந்துவிட்டதாம். 108-க்கு போன் செய்ததும் அவன்தான். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் ரோட்டிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

ஆம்புலன்ஸ் பாண்டியை நோக்கிப் போனது. கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "இந்த வயசுல இதுங்களுக்கு என்ன வாக்கிங் வேண்டிக் கெடக்குது?" என்று கலைமணியின் காதுபடவே ஒருவர் கேட்டார். வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. விளக்கில்லாத ரோட்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை. இரண்டு பெண்கள் விடியற்காலையில் வெளியே போனதுதான் குற்றமாகத் தெரிந்தது. நம் ஊரில் எது நடந்தாலும் விசாரணை அங்கேதானே ஆரம்பிக்கிறது?

அதைவிடக் கொடுமை வீட்டுக்குள் நடந்தது. கலைமணியின் கணவர் முருகன், வசந்திக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவர் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், எழுந்து போய்விடுவார்.

நான் போய்ப் பார்த்தபோது மெஷின் மேல் துணி மூடிக் கிடந்தது. "மாத்திரை போட்டீங்களா?" என்றேன்.

"எதுக்குங்க? நான் நல்லா இருக்கணும்னுதான் அவ போயிட்டா. இன்னும் எவ்ளோ நல்லா இருக்கிறது?"

இதற்கு என்ன பதில் என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

காரியம் முடிந்த மறுவாரம் அனிதா நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தெருப் பெண்கள் சிலர் கூடப் போனோம். அவள் அழவில்லை. "சார், எங்க அம்மா உங்க கேட்டத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போனாங்க. இன்னும் எங்க அத்த இருக்காங்க. இவங்கல்லாம் இருக்காங்க. காலையில ஒரு மணி நேரம் தொறந்து வுடுங்க. கண்ணாடி கெடந்தா நாங்க பொறுக்கிப் போடுறோம்."

ஹெட்மாஸ்டர், "மேல கேட்டுச் சொல்றேம்மா" என்றார். கேட்டுச் சொல்ல மாதக்கணக்கில் ஆனது. ஆனாலும் கேட்டார். அந்த அளவில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கேட் திறந்தது. முதல் நாள் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். கலைமணி வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அனிதா போய்க் கூப்பிட்டதற்கு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் கட்டில் பக்கத்தில் முருகன் வந்து நின்றிருக்கிறார். "எழுந்திரு" என்றாராம். இத்தனை மாதத்தில் முதல் வார்த்தை. கலைமணி அசையவில்லை.

"வசந்திதான் போயிட்டா. நீயும் படுத்துட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா? எழுந்திரு, வா."

அழைத்துக்கொண்டு வந்தார். நடக்கச் சொல்கிற பேனர் அடிக்க ஒரு நாள் போதும். நடப்பதற்கு ஓர் இடம் கொடுக்க எங்கள் ஊருக்கு இவ்வளவு ஆகியிருக்கிறது.

கலைமணி தினமும் நடக்கிறார். தலையைக் குனிந்தபடி, யாரோடும் சேராமல். முருகன் நடப்பதில்லை. கொடிக்கம்ப மேடையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சுற்று முடித்துக் கலைமணி கிட்டே வந்தால், "இன்னொண்ணு போ" என்கிறார்.

இப்போதைக்கு அவர்கள் இருவருக்கும் நடுவில் அவ்வளவுதான் பேச்சு.