பூக்கடையில் தேறிய மெட்டு

கறம்பக்குடியில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். எதிரே மாதா கோயிலில் கதவுகளை அகலத் திறந்துவைத்து நான்கைந்து பெண்கள் பாடிப் பழகுகிறார்கள். அழுதுகொண்டே விதைத்தவர்கள் சிரித்துக்கொண்டே கதிர்க்கட்டோடு திரும்பும் அந்தத் திருப்பாடல்தான். மெட்டு மட்டும் புதிது. நடவு வயலின் ஏற்ற இறக்கம் அதில் அப்படியே இருக்கிறது. வாசல்வரை போய்விடுகிறேன்.

கீபோர்டு வாசிக்கும் ஸ்டெல்லா டீச்சர்தான் மெட்டமைத்தவர். நாளைப் பூசையில் முதன்முதலாகப் பாடப்போகிறார்கள்.

"பல்லவிய சனங்க திருப்பிப் பாடணுமே, சொல்லிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்கிறேன்.

"சொல்லிக் குடுத்தா மரியாதைக்குப் பாடுவாங்க. அங்கிட்டுப் பூக்கட்டுறாங்கல்ல, மாரியாயிக்கா? ஒரு வாரமா நாங்க பழகுறது அவங்க காதுல விழுது. அவங்க வாயில தானா வரணும். போன மெட்டு வரல, விட்டுட்டோம்."

சாலையோரம் நெற்றி நிறையத் திருநீறோடு மாரியாயி கதம்பம் கட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே சரணத்தைப் பாடி முடித்த பெண்கள், பல்லவியைத் தொடாமல் வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தபடி கடக்கிறது. எல்லோரும் சாலையையே பார்க்கிறோம்.

மாரியாயி தலையை நிமிர்த்தாமல், நூலை இழுத்து முடிச்சுப் போட்டபடி, விட்ட இடத்திலிருந்து பல்லவியை எடுக்கிறார். ஒரு சொல் தப்பவில்லை.

"அம்புட்டுத்தான்," என்று டீச்சர் கீபோர்டை மூடுகிறார்.

பஸ் ஏறும் முன் ஒரு முழம் பூ வாங்குகிறேன். "பாட்டு நல்லாருக்காக்கா?"

"எங்க வயல்ல நாங்க பாடுறதுங்க," என்கிறார் மாரியாயி. "நல்லா இல்லாம என்ன செய்யும்?"