இரண்டாம் வரியிலிருந்து வாசித்தவர்

2023ஆம் ஆண்டு ஜூன் 14, புதன்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணி. திண்டுக்கல் பழனி சாலையில், பழைய நெல் மண்டியின் மாடியில் இயங்கும் எங்கள் வட்டார ஆவணக் காப்பகத்துக்கு அன்னாள் வந்தது அப்போதுதான். வந்தார் என்று எழுதுவதும் முழு உண்மை ஆகாது. படியேறியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் ஓர் உரச்சாக்கு.

“உள்ள கொண்டாரலாமா சார்? அம்புட்டும் இழவு லெட்டரு.”

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

என் பரபரப்புக்குக் காரணம் உண்டு. ஓர் அறக்கட்டளையின் துணையோடு, இந்தச் சமவெளிக் குடும்பங்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பல ஆண்டுகளாகத் திரட்டி வருகிறோம். புகையிலை வியாபாரிகளின் கடிதங்கள் உள்ளன. ஆசிரியர்களின் நாட்குறிப்புகள் உள்ளன. கல்யாணப் பத்திரிகைகள் பெட்டி பெட்டியாக உள்ளன. மரணத்தைச் சொல்லும் கடிதம் மட்டும் ஒன்றுகூட இல்லை. துக்கச் செய்தி வந்த தாளை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள்; வாசலுக்கு வெளியிலேயே வாசித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் எங்கள் அலமாரிகளில் மனிதர்கள் பிறக்கிறார்கள், படிக்கிறார்கள், மணமுடிக்கிறார்கள். யாரும் இறப்பதே இல்லை.

“சாக்கோடு உள்ளே வாங்கம்மா!” என்றேன். என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அன்னாள் திண்டுக்கல் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தாம் வகுப்புத் தேறியவர். ஆத்தூருக்கு அருகிலுள்ள கரட்டுப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அங்கே தையல் மெஷின் போட்டார். ஊருக்கு அவர் ‘டெய்லரக்கா’. தபால்காரர் சைக்கிளை நிறுத்துவது அவர் கடை முன்னால்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் கடிதத்தை அங்கேயே வாங்கி, அப்படியே அவரிடம் நீட்டுவார்கள். தைப்பதற்குத்தான் அவர் கூலி வாங்கினார், வாசிப்பதற்கு வாங்கியதில்லை.

கடிதத்தின் தலைப்பைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிடும். பிள்ளையார் சுழி இருக்காது. ‘நலம், நலமறிய ஆவல்’ இருக்காது. ‘இதைத் தந்தி போல் பாவித்து’ என்று தொடங்கும். உடனே மெஷினை நிறுத்திவிட்டு, உரியவரைக் கையைப் பிடித்துச் சாலையோரப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போவார். முதல் வரியை வாசிப்பார். அதோடு அலறல் எழும்பும். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடுகிறவர், “நீயே கிழிச்சுப் போட்டுருத்தா” என்று சொல்லிவிட்டு ஓடுவார்.

“நீங்க ஏம்மா கிழிக்கல?” என்று கேட்டேன்.

“மொத வரியிலயே அழுக ஆரம்பிச்சுருவாக சார். மிச்சத்த யாரு கேக்கா? மூணாறுலயும் பம்பாயிலயும் உக்காந்து ஒருத்தவுக ரெண்டு பக்கம் எழுதியிருக்காக. யாருமே கேக்காத லெட்டர எப்பிடிக் கிழிக்கிறது?”

துக்கக் கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்ற எண்ணம் அவரிடம் கிடையாது. அவர் வளர்ந்த வீட்டில் அந்த வழக்கமில்லை. ஆனால் ஊராரிடம் அவர் சொன்னது வேறு. கிழித்தாயிற்றா என்று யார் கேட்டாலும், “அப்பவே கிழிச்சுட்டேன்” என்றே சொல்லி வந்திருக்கிறார்.

ஆகஸ்டில் அவர் திருப்பூரில் இருக்கும் மகன் ரொனால்டு வீட்டோடு போய்விட இருந்தார். சாக்கைத் தன்னோடு கொண்டுபோக முடியாது, எரிக்கவும் மனமில்லை. எங்களைப் பற்றி யாரோ சொல்ல, பஸ் ஏறி வந்துவிட்டார். நான் எங்கள் விதியைச் சொன்னேன்: கடிதம் யாருக்கு வந்ததோ அந்தக் குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் எதையும் நாங்கள் ஏற்க முடியாது.

அவர் முகம் வாடியது. “கிழிச்சுட்டேன்னு சொன்னவளே நான்தான் சார். இப்ப எந்த மொகத்தோட போயிக் கேப்பேன்? ஊர விட்டுப் போறப்ப நல்ல பேரோட போகலாம்னு பாத்தேன்.”

கடிதங்கள் பிழைக்க வேண்டுமானால், அவர் ஊரில் நாற்பது ஆண்டுகளாகச் சம்பாதித்த நல்ல பெயரைப் பணயம் வைக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரமே தொலைபேசியில் அழைத்தார். “எல்லாரையும் அங்கன கூப்புட்டு ஒரு கார்டு போடுங்க சார். உங்க எடத்துல வச்சு உள்ளதச் சொல்லிப்புடுறேன். அடிச்சா நீங்க வெலக்கி விடுங்க.”

‘கரட்டுப்பட்டி அன்னாள் பாதுகாத்த துக்கக் கடிதங்கள்: வாசிப்பு நிகழ்வு’ என்று எழுதி, முகவரிகளோடு அச்சகத்துக்கு அனுப்பினேன். அச்சகக்காரர் பழனிக்குமார் போனில், “மூலையில மஞ்சள் தடவணுமா சார்?” என்று கேட்டார். துக்கக் கடிதங்களைப் பற்றிய அழைப்புக்கு மஞ்சள் பொருந்தாது என்றேன். பழனிக்குமாரின் தொழிலில் மஞ்சள் உண்டு, கறுப்பு உண்டு. மூன்றாவது வகை கிடையாது. அட்டையின் நான்கு ஓரங்களிலும் பட்டையாகக் கறுப்புக் கோடு போட்டு, என்னிடம் காட்டாமலே ஊர் முழுக்கத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அட்டைகள் போய்ச் சேர்ந்த அன்று, ஒப்புதல் படிவங்களோடு நானும் கரட்டுப்பட்டிக்குப் போயிருந்தேன். அன்னாள் வீட்டை நோக்கி ஒரே கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஓடியவர் கருப்பம்மாள். அன்னாளுக்குச் சமவயது, மல்லிகைத் தோட்டக்காரர். தலையை அவிழ்த்துப் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, “என்னப் பெத்த அன்னாளு” என்று ஒப்பாரி தொடங்கியவர், உள்ளேயிருந்து கடகடவென்று தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டு அப்படியே நின்றார்.

“அடியே! சாகலையா நீ?”

“ஏன், செத்தாத்தான் வீட்டுக்கு வருவியோ?”

“கறுப்புக் கார்டு வந்துச்சுடி. உன் பேரத்தான் போட்டுருக்குன்னு தபால்காரரு சொன்னாரு.”

“மிச்சம் என்ன போட்டுருக்குன்னு கேட்டியா?”

“அதை எதுக்குக் கேக்கணும்? கோட்டப் பாத்தேன், கிழிச்சேன், ஓடியாந்தேன்.”

கூட்டத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தனை பேரும் கிழித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். முதலில் ஒருவர் சிரிக்க, பிறகு சிரிப்பு தெருவெல்லாம் பரவியது. அன்னாள் மட்டும் சிரிக்கவில்லை. மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

“நீங்க கிழிக்கச் சொன்னதுல ஒண்ணக்கூட நான் கிழிக்கல. அம்புட்டும் உள்ள சாக்குல இருக்கு.”

சிரிப்பு அறுந்தது. முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

“எங்கண்ணன் செத்த லெட்டருமா?” என்றார் கருப்பம்மாள்.

“அதுந்தான்.”

“முப்பத்தஞ்சு வருசமா என் மொகத்தப் பாத்துப் பொய் சொல்லியிருக்க. எங்க வீட்டுக் கெட்டதயெல்லாம் சேத்து வச்சு அடகாத்தியாடி?”

“காத்தேன். கெடுதி வர்றதுன்னா வச்சிருந்தவ வீட்டுக்குத்தானே வரணும்? எம்புருசன் எழுவது வயசு வரைக்கும் கறிச்சோறு தின்னுட்டுத்தான் போனாரு. எம்மகன் கம்பெனியில சூப்ரவைசரு. எனக்கு வராதது ஒனக்கு எங்கிட்டுருந்து வரும்?”

கருப்பம்மாள் வாசற்படி வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

“இப்பக் கேக்குற பாரு! அன்னைக்குக் கேட்டியா?”

“அன்னைக்கு எனக்குக் காது இருந்துச்சாக்கும்!”

“அப்ப ஞாயித்துக்கெழம திண்டுக்கல்லுக்கு வா. வீட்டுக்குள்ள படிக்கக் கூடாதுல்ல?”

கருப்பம்மாள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு நடந்தார். அவர் பின்னாலேயே கூட்டமும் கலைந்தது. என் கையில் இருந்த படிவங்களில் ஒன்றுகூட நிரம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அன்னாள் முதல் பஸ்ஸிலேயே சாக்கோடு வந்து, சன்னலை விட்டு அகலாமல் நின்றார். குறித்த நேரம் கடந்தும் ஒருவரும் இல்லை. “போச்சு சார். பேரும் போச்சு, லெட்டரும் போச்சு” என்று அவர் சாக்கின் வாயைக் கட்டத் தொடங்கிய போது, கீழே ஹாரன் அலறியது. நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டுத் திரும்பும் வேன். பின்புறத்தில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். டிரைவர் பக்கத்து ஸீட்டில் கருப்பம்மாள்!

“அன்னாளு! மேல வரலாமா, இல்ல அதுக்கும் ஒரு கார்டு போடுவியா?”

அன்னாள் படிகளில் ஓடியதை நான் பார்த்தேன். அறுபத்தாறு வயதுக்காரர் ஓடுகிற ஓட்டம் அல்ல அது.

கூடம் நிரம்பியது. படியிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் காப்பகத்தில் அத்தனை செருப்புகளை நான் அதுவரை கண்டதில்லை. அன்னாள் சாக்கைப் பிரித்து, ஒரு நிபந்தனை போட்டார். “மொத வரிய இனிமே யாருக்கும் படிக்க மாட்டேன். அது ஒங்களுக்கே தெரியும். ரெண்டாவது வரியிலேருந்துதான்.”

வாசித்தார். மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்தில், இறந்தவர் கடைசியாகக் கேட்டது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனம் என்று எழுதியிருந்தது; அவர் மகன் எழுந்து நின்று, “எங்கப்பனேதான்!” என்று கத்தினார். பம்பாய்க் கடிதம் ஒன்றில், இறந்தவர் ஊருக்குக் கொண்டுவர வாங்கி வைத்திருந்த ரேடியோவைப் பற்றி ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் கூடம் அழுதது. அழுகையினூடே யாராவது ஒருவர் பழைய கதை ஒன்றைச் சொல்ல, சிரித்தது. நான் குறிப்பெடுப்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கருப்பம்மாளின் கடிதம். அதை எழுதியவர் அவர் கணவர் காமராஜ். கருப்பம்மாளின் அண்ணனான தம் மைத்துனரோடு சூரத்தில் முறுக்குக் கடையில் வேலை பார்த்தவர். மைத்துனர் காய்ச்சலில் இறந்த செய்தியை எழுதியவர். காமராஜும் இப்போது இல்லை. அவர் கைப்பட எழுதியதாக வீட்டில் வேறு எதுவும் மிஞ்சவில்லை.

அன்னாள் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கினார்: “‘கருப்பு, அழுது முடித்தபின் இதை அன்னாளிடம் கொடுத்து மறுபடியும் படிக்கச் சொல். மச்சான் நட்ட மல்லிகைப் பதியன்களை விட்டுவிடாதே. கிணறு வற்றினாலும் குடத்தில் கொண்டுபோய் ஊற்று. நான் வருகிறவரை அவை நின்றால் போதும்.’”

கருப்பம்மாள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“ஊத்துனேன்ல! கேக்காமயே ஊத்துனேன்ல! அந்த வருசம் கெணறு வத்திக் கெடந்துச்சு, எடுப்புல கொடத்தோட நடந்தேன்ல! ஏலே, ஒங்கப்பன் சொன்னதத்தான்டா நான் செஞ்சிருக்கேன்!”

பின்வரிசையில் நின்ற மகனைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் கூடமே கைதட்டியது. கடிதத்தை வாங்கி, எழுத்தின்மேல் விரலை வைத்து வரிவரியாக இழுத்துக்கொண்டு போனார். பிறகு என் மேசைக்கு வந்து, “எங்க சார் கையெழுத்து? எனக்குப் பேரு மட்டும் எழுதத் தெரியும்” என்றார். முதல் ஒப்புதல் அவருடையது. அவர் விலகுவதற்குள் மேசையைச் சுற்றி வரிசை கட்டிவிட்டார்கள். வெளியே வேன் டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார்.

கிளம்பும்போது கருப்பம்மாள் அன்னாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நான் ஒனக்குக் கடன்பட்டவடி. எந்தோட்டத்துல ஒருநா பறிப்பு, ஒரு பூ விடாம, ஒனக்கு. என்னைக்குன்னு நீயே சொல்லு.”

“சொல்றேன், சொல்றேன். மொதல்ல மூக்கத் தொடச்சுக்க.”

ஆகஸ்டில் அன்னாள் திருப்பூர் போனார். புறப்பட்ட அன்று ஊரே பஸ் நிறுத்தத்தில் நின்றது. தை முகூர்த்தங்களில் பூ விலை ஏறியதும் கருப்பம்மாள் போன் செய்வார்: “இன்னைக்குக் கேளுடி.” “வெல ஏறிக் கெடக்குற அன்னைக்கு ஓசியில வாங்க நான் என்ன கிறுக்கியா? கொண்டுபோயி வித்துட்டு வா.” விலை இறங்கிய நாளில் மறுபடியும் கேட்பார். “சீந்துவாரில்லாத பூவக் குடுத்துக் கடன அடைக்கப் பாக்குறியா?” என்று அன்னாள் போனை வைத்துவிடுவார்.

சென்ற ஆவணியில் அன்னாளின் பேத்தி ஜீவிதாவுக்குக் கல்யாணம். கோயில் பீடத்துக்கும் மணமேடைக்கும் கார்களுக்கும் வேண்டிய பூ முழுவதையும் அன்னாள் திருப்பூர்க் கடையில் விலை கொடுத்தே வாங்கினார். கருப்பம்மாள் கோபத்தில் முதல் பந்தியில் உட்கார மறுத்துவிட்டார். அன்னாள்தான் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த ஒருநாள் பறிப்பை அவர் அன்றும் கேட்கவில்லை.