எந்த அடுக்கில் வைப்பது?

மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பளபளா அக்கா என்று பெயர். குடுவை, குழாய், குப்பி என்று அங்கே புழங்கும் கண்ணாடி அத்தனையும் அவள் கைபட்டுத்தான் மேசைக்குப் போகும். சோப்பில் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் ஒரு முழுக்குப் போட்டு, கவிழ்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். தண்ணீர் முத்து முத்தாக ஒட்டி நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஒரே படலமாக வழிந்து இறங்கினால்தான் சுத்தம்.

"பொண்ணு பாக்க வந்த மாமியார் மாதிரி இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்களே அக்கா" என்று மொட்டை சார் சீண்டுவார். கூடத்தின் தலைவியான டாக்டரம்மாவுக்கு அடுத்தபடி அங்கே அவர்தான்.

"பொண்ணுன்னா வாயாடித் தப்பிச்சுக்கும் சார். இதுக்கு வாயில்லையே" என்பாள்.

பெருக்குவது அவள் வேலை இல்லை. கட்டடம் முழுவதும் பெருக்க வேறொருத்தி இருந்தாள். அவளுக்கு முழங்கால் வீங்கி மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. "வெளியில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி" என்று மூக்கைச் சிந்தினாள். "நீ கீழே பாரு. மேலே நான் பாத்துக்கறேன்" என்றாள் இவள். ஆண்டவன் நல்ல காலாக இரண்டைக் கொடுத்திருக்கிறானே, அதற்கு ஒரு நன்றி வேண்டாமா? அன்று முதல் எல்லோரும் வருவதற்கு முன்னால் வந்து கூடத்தைப் பெருக்கிவிடுவாள். பெருக்கும்போது உதடு பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருக்கும். கூலிக்குச் செய்வது வயிற்றுக்கு, சும்மா செய்வது கடவுளுக்கு என்பது அவள் கணக்கு.

ஒரு நாள், ஆய்வு மாதிரிகளைக் குளிரில் வைக்கும் உறைபெட்டிக்கு முன்னால் டாக்டரம்மாவும் மொட்டை சாரும் மல்லுக்கு நின்றார்கள். வாத்தின் உடம்பிலிருந்து எடுத்த ஒரு புரதம். இதயத் தசையில் இருக்கும்போது அது ரசாயன வேலை பார்க்கிறது. அதே புரதம் வாத்தின் கண்ணுக்குள்ளும் இருக்கிறது. அங்கே தெளிவாக நின்று வெளிச்சத்தை உள்ளே விடுவதுதான் அதன் பிழைப்பு. இப்போது அதை வேலைக்காரப் புரதங்களின் அடுக்கில் வைப்பதா, கண் புரதங்களின் அடுக்கில் வைப்பதா?

"எங்க நிக்குதோ அதை வெச்சுத் தரம் பிரிச்சிடறதா? அநியாயம்!" என்று டாக்டரம்மா கொதித்தார். குடுவைத் தட்டோடு நின்ற இவளைப் பார்த்துத் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க அக்கா. இதயம் ரத்தத்தைத் தள்ளுது. கூடவே லப்டப்புன்னு சத்தமும் போடுது. சத்தம் போடறதுக்காகவா இதயம் இருக்கு? ஒண்ணு என்னென்ன செய்யுதுங்கறது வேற, எதுக்காக இருக்குங்கறது வேற."

கடைசியில் அதை இரண்டு சிறு குழாய்களாகப் பிரித்து, அடுக்குக்கு ஒன்றாக வைத்தார்கள். வாத்துக்கு வந்த வாழ்வைப் பார் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. படைத்தவன் ஒன்றை இரண்டு விதமாய்ப் பயன்படுத்துகிறான், மனுஷர்தான் அடுக்குத் தேடி அலைகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடியும்போது அலுவலக மேனேஜர் மாடியேறி வந்தார். துப்புரவு வேலை முழுவதையும் கான்ட்ராக்டுக்கு விடப் போகிறார்களாம்.

"இவங்களை எதுல சேர்க்கறதுன்னு தெரியலை மேடம். ஆய்வு உதவியா, துப்புரவா? நான் காலையில வர்றப்ப எல்லாம் கையில துடைப்பம்தான் இருக்கு. ஆய்வுப் பக்கம் ஒரே ஒரு நிரந்தர இடம்தான் இருக்கு. புதுசா வரப்போற கண்ணாடி கழுவுற மெஷினை ஓட்ட அந்த இடத்துக்கு வேற ஆள் வேணும்னும் கேட்டிருக்கீங்க."

டாக்டரம்மா தரையைப் பார்த்தார். தரை கண்ணாடி போல இருந்தது. "பெருக்கவும்தான் செய்யறாங்க" என்றார் மெதுவாக.

நிரந்தர வேலை, பென்ஷன் எல்லாம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஏன் பெருக்கினாள் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் முழங்கால் விஷயம் வெளிப்பட்டு, கீழே பெருக்குபவளைக் கான்ட்ராக்ட்காரன் சேர்க்கமாட்டான். சொல்லை விழுங்கிக்கொண்டு வேறு வழியில் போனாள்.

"அம்மா, லப்டப்புன்னு அடிக்கறது இதயத்தோட வேலை இல்லைன்னு சொன்னீங்களே. பெருக்கறது எனக்கு அந்தச் சத்தம் மாதிரிதாம்மா. நான் இருக்கறது கண்ணாடிக்கு."

டாக்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அடடா! என்ன அழகாச் சொல்லிட்டீங்க அக்கா! இதை நான் வகுப்புல சொல்லணும்" என்றார். அதே மலர்ச்சியோடு மேனேஜர் பக்கம் திரும்பினார். "துப்புரவுன்னே போட்டுக்குங்க சார். என்ன செய்யறது, ஒரு இடத்துலதானே எழுத முடியும்."

சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். வண்டி மெக்கானிக், வாய் துடுக்கு. "ஏண்டி, செத்த வாத்துக்கு ரெண்டு அடுக்கு, உயிரோட இருக்கற உனக்கு ஒண்ணுதானா?"

"சாப்பிடுங்க. கடவுள் பாத்துக்குவார்."

"அவரும் ஒரு அடுக்குலதான் எழுதுவார் போல இருக்கு."

எப்போதும் அந்த மாதிரிப் பேச்சுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்பவள், அன்று ரசக் கரண்டியை எடுத்து அவர் தட்டில் ஊற்றினாள்.

அடுத்த மாதம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு அதே கூடத்துக்கு வந்தாள். கண்ணாடியைத் தொடக் கூடாது என்று கான்ட்ராக்ட் மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தான். மூலையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. முழங்கால்காரியை முதல் வாரமே, படி ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விழுங்கிய சொல்லும் வீண்.

குனிந்து பெருக்கினாள். பழக்கத்தில் உதடு அசைந்தது. பிரார்த்தனையின் முதல் வரி வந்தது, அடுத்த வரி வரவில்லை. கூலிக்குப் பெருக்கும்போது அதை யாருக்கென்று சொல்வது? மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

உள்ளே வந்த டாக்டரம்மா அன்பாகத்தான் சொன்னார். "அக்கா, அந்த உறைபெட்டிக்குப் பின்னால விட்டுட்டீங்க போல."

"சரிம்மா" என்று துடைப்பத்தோடு அங்கே போனாள்.