துளை மேல் வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் ஹேங்கரில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. யாராவது ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால் போதும், அன்றைக்கு அவர் சாப்பாடு இறங்காத அளவுக்குத் திட்டுவேன். "ஆகாசத்துல ஓரமா நிறுத்திட்டு எறங்கிப் பாக்க முடியுமா?" என்று கேட்பேன். பதிலா வரும்? வராது. அதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆயுத பூஜைக்கு அனுமதி கேட்டுச் சண்டை போட்டதும் நான்தான். ஹேங்கரில் நாங்கள் தமிழர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். பக்கத்தில் பிறை ஊரில் ஃபேக்டரி மெஷினுக்கெல்லாம் மாலை போடுகிறார்கள், நாம் மட்டும் ஸ்பேனரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கும்பிட வேண்டுமா என்று எனக்கு ஆற்றாமை. மேனேஜர் ஒரு மலாய்ப் பெண்மணி. கெட்டவர் இல்லை, பயந்தவர். எண்ணெயும் பெட்ரோலும் இருக்கிற இடத்தில் சூடம் கொளுத்துவதா என்பார். விமானத்தையா கொளுத்தப் போகிறோம் என்று நான் எகிறுவேன். வருடா வருடம் இதே கூத்து. கடைசியில் போன வருடம், சூடத்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சம்மதித்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் மாலையும் சந்தனமும் பொரியும் நானே வாங்கி வந்தேன். சாயங்காலம் பூஜை முடிந்ததும் சந்தனக் கிண்ணத்தையும் யாரிடமும் கொடுக்கவில்லை. டூல்பாக்ஸ், ஜாக்கி, கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பிறகு அங்கே நின்ற இரண்டு விமானங்களுக்கும் வைத்தேன். மூக்கில் ஒன்று, சக்கரத்தில் ஒன்று, இடப்பக்கம் கதவுக்கு முன்னால் ஒன்று.

கதவுக்கு முன்னால் இருபது காசு அளவில் பளபளப்பான ஒரு வட்டத் தகடு இருக்கும். அதன் நடுவில் ஊசித் துளை. வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளை வழியாக உள்ளே போனால்தான் உயரம் காட்டும் முள்ளும் வேகம் காட்டும் முள்ளும் உண்மையைச் சொல்லும். விமானத்தைக் கழுவும்போது அதன்மேல் சிவப்பு நாடா ஒட்டு, கழுவியதும் மறக்காமல் உரி என்று புதிதாக வருகிறவர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். என் மோதிர விரல் சந்தனத்தோடு அங்கேதான் போனது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற பெருமையில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை முதலில் பறந்தவர், ஜார்ஜ் டவுனில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர். தமிழர். ஓய்வு நாட்களில் விமானம் ஓட்டுவார். அன்றைக்குத் தன் மகளை முதல் தடவையாக ஏற்றிக்கொண்டு போனார். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்தபோது பொட்டைக் கவனித்திருக்கிறார். அவர் கத்தோலிக்கர். அடுத்தவர்கள் சாமிக்கு வைத்ததை நாம் தொடக் கூடாது என்று விட்டுவிட்டாராம்.

மேலே ஏறியும் உயரம் காட்டும் முள் அசையவில்லை. வேகம் காட்டும் முள்ளோ இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வேகம் போதவில்லை என்று நினைத்து மூக்கைத் தாழ்த்தியிருக்கிறார். கீழே கடல். புகைமூட்டக் காலம் வேறு, கடலும் வானமும் ஒரே நிறம். மகள் "அப்பா, தண்ணி கிட்ட வருது" என்று சொன்ன பிறகுதான் முட்களை நம்பாமல் வெளியே பார்த்து ஓட்டியிருக்கிறார். திரும்பி வந்தபோது ஓடுபாதையில் பாதி தூரம் போன பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கியவர் நேரே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அண்ணே, நேத்து நீங்க வச்ச பூஜைதான் எங்கள காப்பாத்துச்சு. உங்க சாமி நெஜமாவே இருக்குலா."

அவர் தோளுக்குப் பின்னால் அந்தத் தகடு தெரிந்தது. சந்தனம் துளையில் காய்ந்து இறுகியிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான், "ஆமா டாக்டர், சாமி கைவிடாது" என்று சொன்னேன்.

அப்போது அடுத்த விமானத்தின் எஞ்சின் இரைந்தது. பயிற்சி மாணவி ஒருத்தி தனியாகப் பறக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதற்கும் அதே இடத்தில்தான் பொட்டு வைத்திருந்தேன்.

சொல்லவே கூசுகிறது. அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது, எஞ்சினை நிறுத்தவைத்து, ஏதோ எண்ணெய்க் கறையைத் துடைப்பதுபோல் துடைத்துவிடலாமா என்பதுதான். பூஜைக்கு இனி அனுமதி கிடைக்காதே என்று நினைத்தேன். நான் திட்டியவர்கள் எல்லாம் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். அதற்குள் விமானம் நகர ஆரம்பித்துவிட்டது. பிறகுதான் மேனேஜரிடம் ஓடி, அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினேன். அவர் ரேடியோவில் நிறுத்திவிட்டு ஏன் என்று கேட்டார். எல்லார் முன்னாலும் மலாயில் சொன்னேன். டாக்டருக்குத் தமிழில் சொன்னேன்.

மேனேஜர் திட்டவில்லை. தப்பு யாருக்கும் வரும் என்றார். பூஜையையும் நிறுத்தவில்லை, விமானத்துக்குப் பொட்டு மட்டும் வேண்டாம் என்றார். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன்.

டாக்டர்தான் கேட்டார். மகள் அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

"பொட்டு வச்சது போவட்டும்ணே. நான் நன்றி சொன்னப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இன்றும் அவர் பறக்க வருகிறார். முன்பெல்லாம் காரை விட்டு இறங்கியதும் என்னிடம்தான் வருவார். "எல்லாம் சரியா இருக்காண்ணே?" என்று கேட்பார், ஆமா என்பேன். இப்போதும் வணக்கம் சொல்கிறார், சாப்பிட்டீங்களா என்று விசாரிக்கிறார். அதை மட்டும் கேட்பதில்லை.